இரண்டாவது ஸ்டிக்கர்

ஷோரூமில் அவருக்குத் ‘தேன்வாய்’ என்று பெயர். மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவரிடமும் காருக்கு முன்பணம் வாங்கிவிடுவார். வீட்டிலும் அந்த வாய் ஓயாது. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, “இவர் பேச ஆரம்பிச்சா மிஷினை மிதிக்கவே வேணாம், தானா ஓடும்” என்று சிரிப்பார்.

ஒரு பிற்பகல், வாடிக்கையாளருக்கு விலையை விளக்கிக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் அந்தப் பேச்சு நின்றது. பேனா நழுவியது, பின்னாலேயே அவரும் சரிந்தார். உயிர் தப்பியது. கால் ஓரளவு தேறியது. வலது கை தொங்கிப்போனது, பேச்சு திரும்பவில்லை. எல்லாம் புரியும், எதையும் சொல்ல முடியாது. தண்ணீர் கேட்க “த... த...” என்று முட்டி நிற்பார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சிக்கு மனைவிதான் காரோட்டி அழைத்துப் போவார். அவர்களுடையது தாழ்வான பழைய கார். உட்கார வைப்பது ஒரு பாடு, எழுப்புவது பெரும்பாடு. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தூக்கும்போது இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். யாரோ ஓடிவந்து எழுப்பினார்கள். அவர் கண் கலங்கியிருந்தது.

“ஏங்க, உயரமான சீட்டு, அகலமான கதவு. அப்படி ஒரு வண்டி பார்த்துட்டு வரலாமா?” என்றார் மனைவி.

அவர் தலையசைத்தார்.

அவர் வேலை பார்த்த இடத்துக்குப் போகவில்லை. ஊரின் மறுகோடியில் இருந்த ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனைப் பெண் சிரித்த முகமாக ஒரு சாம்பல் நிறக் காரைக் காட்டினாள். கதவைத் திறந்ததும், மனைவி கை கொடுக்காமலே அவர் ஏறி உட்கார்ந்தார். மனைவிக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது.

“விலை இதோ இருக்கும்மா” என்று பின் ஜன்னலைக் காட்டினாள் அந்தப் பெண். அடிப்படை விலை, தொழிற்சாலையில் பொருத்திய கூடுதல் வசதிகள், வண்டியைக் கொண்டுவந்த செலவு, பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சு, சீட் உறை, ஷோரூம் கட்டணம், மொத்தம். ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள்.

அவர் இறங்கி, இடது கையால் கண்ணாடியைத் தட்டினார்.

“தண்ணி வேணுமா?” என்றார் மனைவி. இல்லை என்று தலையாட்டி, நகத்தால் ஓரிடத்தில் கீறினார். அப்போதுதான் மனைவி பார்த்தார். அங்கே இருந்தது ஒரு ஸ்டிக்கர் இல்லை, இரண்டு. ஒரே நிறம், ஒரே எழுத்து, இடைவெளியே தெரியாமல் கீழும் மேலும் ஒட்டியிருந்தார்கள்.

“மேல கார் கம்பெனி பேர் இருக்கு. அப்ப கீழ இருக்கறது?” என்று கேட்டார் மனைவி.

அந்தப் பெண் தயங்கினாள். “அது... எங்க ஷோரூம் போட்டதும்மா. பூச்சு, சீட் உறை, எங்க கட்டணம்.”

“அப்ப அது கட்டாயமில்லையே?”

“மேனேஜரைத்தான் கேக்கணும்.”

“அந்தக் கொண்டுவந்த செலவையும் எடுத்துரச் சொல்லுங்க” என்றார் மனைவி. துணிக்கடையில் பேரம் பேசிப் பழகிய வாய். கணவர் அவசரமாகக் கையசைத்துத் தடுத்தார். அந்தச் செலவு மேல் ஸ்டிக்கரில், கம்பெனியே போட்டது. யார் வாங்கினாலும் கட்ட வேண்டியது.

மேனேஜர் வந்து, இந்த வண்டிக்கு எல்லாம் பூசி மாட்டியாகிவிட்டது, வேண்டாமென்றால் அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். மனைவி கணவரைப் பார்த்தார். அவர் நாற்காலியில் போய் அசையாமல் உட்கார்ந்தார். காத்திருப்போம் என்று அர்த்தம். வரியும் பதிவுக் கட்டணமும் சேர்த்து, வண்டி வாசலைத் தாண்டும்போது என்ன விலை என்பதை எழுதி வாங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டாள்: “சார் இந்தத் தொழில்ல இருந்தாரா?”

“இருந்தாரா! ஆயுசுல பாதி இதுதான்” என்றார் மனைவி பெருமையாக. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அழுதார். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

“இன்னிக்கு நல்ல காரியம்தானேங்க செஞ்சீங்க? எதுக்கு அழறீங்க?”

அவர் நெஞ்சில் கைவைத்தார். உதடு கோணியது. மனைவி அவசரப்படுத்தவில்லை.

“நா... நானும்...” மூச்சு வாங்கினார். “ஒட்... ஒட்டினேன்.”

விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. ‘பரவாயில்லை’ என்று சொல்ல மனைவிக்கு வாய் வரவில்லை. அந்தக் காசில்தான் இந்த வீட்டு அடுப்பும் எரிந்தது என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, தொங்கிய அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

புதுக் கார் வந்துசேர நாளானது. அதற்குள் ஸ்டிக்கர் கதை தெருவெங்கும் பரவிவிட்டது. அக்கம்பக்கத்தில் யாராவது வண்டி வாங்கப் போனால், “அண்ணனைக் கொஞ்சம் அனுப்பி வைங்கக்கா” என்று மனைவியிடம் கேட்பார்கள். அவரும் போவார். ஜன்னலருகே நின்று, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டுவார். பேச்சு கடைசிவரை நாலைந்து சொல்லுக்கு மேல் தேறவில்லை. ஆனால் “வேண்டாம்” என்பதை மட்டும் சுத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்.