அக்காவை அழைத்துவரப் போனேன்

காலை ஆறு மணிக்கு விருத்தாசலத்தில் ரயிலிறங்கி நெய்வேலி பஸ் ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பையில் தென்காசியில் என் வீட்டை ஒட்டிய ஐந்து சென்ட் மனையின் பத்திர நகல். அக்கா வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று பதினெட்டு வருஷமாக யாருக்கும் விற்காமல் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் அத்தான் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார்; குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பிறகென்ன, ஊருக்குத்தான் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

ஏழேகாலுக்கு ஆட்டோ. நூறு ரூபாய். நேர்கோடாக ஓடும் சாலை, இருபுறமும் மரம். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் டீக்கடையில் நின்றார்கள்.

"ரிட்டயரானா எல்லாரும் ஊருக்குப் போயிடுவாங்கல்ல?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"எங்கங்க போறாங்க? போறேன் போறேன்னு சொல்லிக்கினே இங்கயே பக்கத்துல வடக்குத்துல மனை வாங்கிடுவாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் அத்தான் கையில் டேப்போடு சமையலறையில் நிற்கிறார். "வாம்மா, அந்த நுனியக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்தேன். சமையலறை எட்டரை அடி; பிறகு ஒவ்வொரு அறையாக. வடக்குத்தில் கட்டப்போகும் வீட்டுக்கு அளவாம். இதே ஹால், இதே சமையலறை, ஜன்னல்கூட இதே இடத்தில். முப்பது வருஷம் இந்தக் குவார்ட்டர்ஸைத் தீப்பெட்டி என்று திட்டியவர். ஊரில் தேக்குப் படி வைத்து மாடி கட்டுவேன் என்று சபதம் போட்டவர்.

"மாடி என்னாச்சு அத்தான்?"

"என் முழங்காலக் கேளு."

பத்து மணிக்கு அக்கா என்னை வடக்குத்துக்குக் கூட்டிப்போனாள். கயிறு கட்டிய மனையின் நடுவில் வைத்துப் பத்திர நகலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ஒரே காம்பவுண்டுல இருக்கணும்னு சொன்னது நான்தான் சாந்தி. அப்போ எனக்கு இருபத்திரெண்டு வயசு. இங்க ஒருத்தரையும் தெரியாது, ராத்திரியெல்லாம் அழுவேன். இப்போ பக்கத்து குவார்ட்டர்ஸ் கமலாவும் இதே தெருவுலதான் கட்டுறா. அவகூட நாலு தெரு நடந்தாத்தான் எனக்குப் பொழுதே விடியுது. அங்க வந்து மறுபடியும் புதுப்பொண்ணா ஆரம்பிக்க என்னால முடியாதுடி."

"அப்போ நான்?" என்று கேட்டுவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அழுகை வந்தது. அக்காவும் அழுதாள்.

"அந்த மனைய வித்துடு. எனக்காக நீ இனிமே காக்க வேண்டாம்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கோபம் வடலூர் தாண்டும்வரை இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அவள் ஆசை நடந்துபோய்க்கொண்டே இருந்திருக்கிறது; நான்தான் பழைய ஆசைக்குக் காவல் நின்றிருக்கிறேன்.

அவள் வீட்டு அளவு முழுவதும் இப்போது எனக்கு மனப்பாடம். என் வீட்டு அடுக்களையில், அந்தக் காலி மனைப் பக்கமாக, அவள் வந்து போக, வீடு கட்டும்போதே ஒரு கதவு வைத்திருக்கிறேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.