பெரியம்மா பேசிய கேசட்

பழைய கணினியிலிருந்து பாட்டுகளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கோப்பைத் திறந்து பார்த்தேன். "தங்கச்சி, நான் பேசுறது கேக்குதா?" உடனே சினிமாப் பாட்டு. அம்மாவுக்குக் கேட்குமுன் நிறுத்தினேன்.

நாங்கள் கொடைக்கானலுக்கு வந்த பிறகும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்ட பெரியம்மா கடிதம் எழுதமாட்டாள். கேசட்டில் பேசி அனுப்புவாள். யாரும் அழித்துப் பதியக் கூடாதென்று அம்மா அதன் மூலையிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைப்பாள். பத்து வயதில் நான் அப்படி ஒரு கேசட்டின் துளையில் காகிதம் திணித்து, ரேடியோப் பாட்டைப் பதிந்தேன். கேசட்டை ஒளித்துவிட்டு, "பூஞ்சை புடிச்சிருச்சும்மா, தூரப் போட்டுட்டேன்" என்றேன்.

"என் தப்புதான்டி. கொடைக்கானல் ஈரத்துக்கு அடுப்புக்கிட்ட வச்சிருக்கணும்" என்று அழுதாள். ஒளித்த கேசட்டைப் பல வருஷம் கழித்து, மற்றப் பாட்டுக் கேசட்டுகளோடு கணினியில் ஏற்றி வைத்திருந்தேன்.

இப்போது சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தப் புதுக் கம்ப்யூட்டரையாவது அடுப்புக்கிட்ட வையிடி. பூஞ்சை புடிச்சிரும்."

"சரிம்மா" என்றேன்.