வாயில் பறி இருந்தபோது

என் வாய் மூடியிருப்பது இறால் தடவும்போது மட்டும்தான். ஏரியில் இடுப்பளவு ஆழத்தில் உட்கார்ந்து, பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றில் தடவுவோம். வாயைத் திறந்தால் பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

அன்று சைக்கிளில் ஊர் சுற்ற வந்த பட்டணத்துப் பெண் ஒருத்தி கரையில் நின்று, "பூநாரை பாக்க எந்தப் பக்கம் போகணும் பாட்டி?" என்றாள். பாதை இடப்பக்கம். நான் குறும்பாக வலப்பக்கம் கை காட்டினேன். அங்கே மேலே உப்புப் பொருக்கு, அடியில் சேறு. முழங்கால் வரை இறங்கித் திட்டிக்கொண்டே திரும்புவாள், சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அவள் திரும்பவில்லை. போய்க்கொண்டே இருந்தாள். கூப்பிடத்தான் நினைத்தேன். ஆனால் பறி நிறைய இறால். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அலறல் கேட்ட பிறகுதான் பறியைத் துப்பினேன். மார்பு வரை புதைந்திருந்தாள். "நிக்காத கண்ணு, மல்லாக்கப் படு" என்று கத்தியபடி, நானும் வயிற்றால் ஊர்ந்துபோய் இழுத்தேன். சைக்கிளைச் சேறு தின்றுவிட்டது.

தள்ளி இறால் தடவிக்கொண்டிருந்த என் மருமகள் கரைக்கு ஓடிவந்து, "இன்னா அத்தே, பறியக்கூட வுட்டுட்டு ஓடினியே. உனக்குத் தங்க மனசு" என்றாள்.

அந்தப் பெண் என் காலைத் தொட்டாள். "நீங்க சரியாத்தான் காட்டியிருப்பீங்க பாட்டி. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அப்போது என் வாயில் பறி இல்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.