சுதந்திர தினத்தில் நசுங்கிய விரல்

இன்று கோயிலுக்குப் போய்விட்டுத் துடியலூர் பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் வலது கை விரலில் பெரிய கட்டு.

"என்னாச்சு அம்மணி?" என்றேன்.

"மில்லு மெஷின்ல நசுங்கிப்போச்சுங்கக்கா. ஆகஸ்டு பதினஞ்சன்னிக்கு."

"அன்னிக்கு லீவாச்சே?"

"அவசர ஆர்டரு, டபுள் சம்பளம்னு வரச்சொன்னாங்க. மறுநாளு ரிஜிஸ்டர்ல எல்லாத்துக்கும் லீவுன்னு எழுதி, கையெழுத்துக் கேட்டாங்க. என்னால எழுத முடியலீன்னதும் இடது பெருவிரல்ல மையத் தடவி வெச்சுக்கிட்டாங்க."

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு விபத்து ஃபாரம் வேண்டுமென்று இன்று மேனேஜரிடம் போய் நின்றிருக்கிறாள்.

"லீவன்னிக்கு இங்க எப்படி அடிபடும்? ஊட்டுல அம்மி அரைக்கையில நசுங்கியிருக்கும், போம்மா" என்றாராம்.

"டபுள் சம்பளமாவது வந்துச்சா?"

"அதையும் கேட்டா நாளைக்கு வேலை இருக்குமாங்கக்கா? விரலு மடங்கலீன்னா எப்படியும் இருக்காதுங்க."

கையிலிருந்த திருநீற்றை அவள் நெற்றியில் பூசிவிட்டு இறங்கினேன்.

மில்லுக்கு லீவு, அவளுக்கும் லீவு. விரல் மட்டும் வேலைக்குப் போயிருந்தது போலிருக்கிறது. இதை எங்கே போய்க் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.