நான்கு முறை வரும் கதை

சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் கல்வராயன் மலைப் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் களைவெட்டும் கூலிப் பெண் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ இலவசமாகக் கொடுத்ததாம். இங்கே சர்ச்சில் கொடுத்து வேறு வாங்க வந்திருக்கிறார்.

“இதுக்கு என்னக்கா?”

“ஒரே கதைய நாலு வாட்டி அச்சடிச்சிக்கிறாங்க சார். அதுவும் ஒண்ணுக்கொண்ணு மாறுது.”

“இயேசுவப் பத்தி நாலு பேர் தனித்தனியா கிரேக்க மொழியில எழுதினது அக்கா. பின்னாடி தொகுத்தவங்க ஒண்ணாக் கலக்காம, நாலையும் அப்படியே வெச்சிட்டாங்க.”

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார்.

“எங்க வூட்டுக்காரரு பண்ணக்காரரு கெணத்துல செத்தப்ப, தானா தவறி வுழுந்தாருன்னு நாலு பேரு சாட்சி சொன்னாங்க சார். ஒரு வார்த்த மாறல.”

புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சர்ச்சுக்குப் போகாமல் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஏறுகிறார்.