பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

புலம்பெயர்ந்த எங்களவர்களின் கலியாண வீடியோக்களில் எவருடைய குரலும் இருப்பதில்லை. கூறைச்சேலையின் கரைகூடத் துல்லியமாகத் தெரியும். ஒலிக்கு மட்டும் சினிமாப் பாட்டுகளைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். பாரிஸில் ரூ பெர்தொனே என்ற தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணை, மனைவியை இழந்த பிறகுதான் இதை உணர்ந்தார். அலமாரி நிறைய வீடியோக்கள் இருந்தன. அவர் மனைவியின், நான் அக்கா என்று அழைத்தவரின், குரல் ஒன்றிலும் இல்லை. தொலைபேசியில் குரலைப் பதிந்து அனுப்பும் பழக்கமும் அக்காவுக்கு இருக்கவில்லை. நேரே அழைத்துத்தான் பேசுவார்.

ஆனால் ஓர் அமெரிக்கப் படத்தில் அவர் பேசியிருந்தார்.

அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, கைக்காசைப் போட்டுப் படமெடுக்கும் சிறு குழுவொன்று அந்தக் கடையைக் கேட்டு வந்தது. சமூகவியல் படித்துவிட்டு ஒரு சங்கத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான் இரு தரப்புக்கும் நடுவில் நின்றேன். அக்கா தேநீரை வைத்துவிட்டு நகர வேண்டும், காட்சி அவ்வளவுதான். அவரோ, சோற்றை அளைந்துகொண்டிருந்த மெலிந்த நடிகரைப் பார்த்து நின்றுவிட்டார்.

“உதென்ன தம்பி, கோழி கொத்தின மாதிரி? வடிவாச் சாப்பிடும். உம்மட அம்மா கண்டா என்னையெல்லோ பேசுவா.”

ஒரு சொல்லும் விளங்காத இயக்குநர் கமராவை நிறுத்தவில்லை.

படம் விழாவொன்றில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது அக்கா உயிரோடு இல்லை. விமர்சனங்களை நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். பாராட்டியவர்கள்கூட, உணவகக் காட்சி நீள்கிறது, கதையை மறித்து நிற்கிறது என்றே எழுதியிருந்தார்கள்.

“அவளைக் கதைக்க விட்டா நேரம் போகும்தானே,” என்று அண்ணை சிரித்தார்.

பிறகு படம் பாரிஸில் ஒரு சிறிய திரையரங்குக்கு வந்தது. அண்ணை மத்தியானமே கடையைப் பூட்டினார். புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து மகள் வந்தாள்.

“பிள்ளை, உள்ளுக்கை போனில பதியலாமோ?”

“கூடாது அண்ணை.”

“படம் வேண்டாம். அவளின்ரை குரல் மட்டும்.”

அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

காட்சி வந்தது. சுருக்கப்பட்டிருந்தது. அக்காவின் வாய் அசைந்தது; அதன்மேல் ஒரு பியானோ வாசித்துக்கொண்டிருந்தது. அம்மா என்ன சொல்கிறார் என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். அண்ணை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “வடிவாச் சாப்பிடச் சொல்லுறா,” என்றார். அவர் கையிலிருந்த போன் பியானோவைப் பதிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும், “கலியாண வீடியோக்காரன்ரை வேலையைத்தான் இவையும் செய்திருக்கினம்,” என்றார். “அவன் பாட்டெண்டாலும் நல்ல பாட்டாப் போட்டவன்.”

பழைய பிரதியைக் கேட்டு இயக்குநருக்கு எழுதினேன். விமர்சனங்களைப் படித்த பிறகே மாற்றியதாகச் சொல்லி அவர் மனமார வருந்தினார். முதற்பிரதியும் மூல ஒலியும் இருந்த ஒரே வன்தட்டு பழுதாகிவிட்டதாம்; இன்னொன்று வாங்க அவர்களிடம் வசதி இருக்கவில்லை. விமர்சகர்கள்மேல் கோபப்பட முயன்றேன். அதற்கும் நேர்மை இடந்தரவில்லை. அவர்கள் கண்டது உண்மைக் குறை. திருத்திய பின் படம் மேம்பட்டிருந்தது. ஒரு நியாயமான வாக்கியம் எங்கே போய் யார்மேல் விழும் என்பதை எழுதுபவர் எப்படி அறிவார்? புதிய விமர்சனங்கள் அந்தக் காட்சியின் பேச்சற்ற மௌனத்தைப் புகழ்ந்தன.

அதை அண்ணையிடம் சொல்லவில்லை. பழைய பிரதி இல்லை என்பதை மட்டும் கடைக்குப் போய்ச் சொன்னேன். சற்று நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீர் பக்கத்தில நிண்டனீர்தானே. அவள் சொன்னதைச் சொல்லும் பாப்பம்.”

ஒரு சொல் விடாமல் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“ஓம், உதுதான்,” என்றார். “அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருப்பாள்.”