இர்மாவின் திரும்பிய பல்

வெள்ளிக்கிழமைதோறும் புனித மிக்கேல் கோயில் சமையலறையில் பிரோஹி என்ற கொழுக்கட்டை செய்து விற்போம். மாவைத் தேய்ப்பது இர்மா பால்கோ. உருளைக்கிழங்கு வைத்து மடித்து ஓரம் ஒட்டுவது நான். சிரிப்பு வந்தால் மாவுக்கையென்றும் பாராமல் வாயைப் பொத்திக்கொள்வாள் இர்மா. மேல்வரிசையில் ஒரு பல், பாதி திறந்த கதவுபோல் திரும்பி நிற்கும். அதைச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் அவளை அழவைத்திருக்கிறார்கள்.

அவள் தாத்தா ஒந்த்ரே எங்கள் சுரங்க ஊரின் முதல் ஃபுட்பால் குழுவில் இருந்தவர். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் ஓட, எதிராளிகள் மேலே விழுந்து அமுக்கும் ஆட்டம். அன்று தலைக்கவசம் ஏது? முடியைப் புதராக வளர்த்துக்கொள்வார்கள். மூக்குக்கு ஒரு ரப்பர் மூடி. அது நகராமல் இருக்க அதன் அடிப்பகுதியைப் பல்லால் கடித்துக்கொண்டே ஆடவேண்டும்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையில். கர்த்தருடைய நாளில் மகன் சேற்றில் புரள்கிறான் என்று தெரிந்தால் அவருடைய அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் மர்ஃபி என்ற ஐரிஷ் பெயரில் ஆடினார். காயத்துக்கெல்லாம் தான் வேலை பார்த்த சுரங்கத்தின்மேல் பழி போட்டார். "அடி வாங்குனது நான், பேரு வாங்குனது எவனோ" என்று கடைசிவரை பேத்தியிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

இந்த வருடம் அந்த முதல் குழுவின் பெயர்களைப் பித்தளையில் பொறித்து மைதானச் சுவரில் பதிப்பது என்று முடிவாயிற்று. நன்றி தெரிவிக்கும் நாள் பண்டிகையன்று நடக்கும் ஆட்டத்தில் திறப்பு. பொறுப்பு, இரும்புக்கடை ரென்னருக்கு. தாத்தாவின் சொந்தப் பெயர் சுவரில் ஏறவேண்டும் என்று இர்மா அவரிடம் நடையாய் நடந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பிரோஹி வாங்க வந்த ரென்னர், கையில் ஒரு பெட்டியும் வைத்திருந்தார். தீயணைப்பு நிலையத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்த மர்ஃபியின் மூக்கு மூடி. திறப்பு விழாவுக்காகத் துடைக்க எடுத்துப் போகிறாராம்.

"இர்மா, கோவிச்சுக்காதீங்க. மர்ஃபின்னு ஒருத்தர் ஆடுனாரு, சரி. அது உங்க தாத்தாதான்னு யாரு கண்டா?"

இர்மா உருட்டுக்கட்டையை அழுத்தி மாவைத் தேய்த்தாள்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ரப்பரில் பல் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. அதில் ஒன்று மட்டும் குறுக்கே கிடந்தது. மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லிக்கொண்டு, ஒரு துண்டு பாலாடைக்கட்டியை இர்மாவிடம் நீட்டினேன்.

"இந்தா, கடி."

"எல்லார் முன்னாலயுமா? போக்கா!"

"உங்க தாத்தாவுக்காகக் கடிடீ!"

கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். துண்டை வாங்கி ரப்பருக்குப் பக்கத்தில் வைத்தேன். கட்டியிலும் அதே இடத்தில் ஒரு தடம் குறுக்கே.

"எங்கப்பாவுக்கும் இதே பல்லுதான்" என்றாள் இர்மா மெதுவாக.

ரென்னர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "இருங்க. யாரு கடிச்சாலும் இப்பிடித்தான் விழுமோ என்னவோ." தானும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கோடு போட்டதுபோல் நேரான வரிசை.

"யோவ், உன் பல்லு டாக்டர் செஞ்சு குடுத்ததுய்யா! அதுல எந்தத் தாத்தாவைத் தேடுற?" என்று அடுப்படியில் பிரோஹி வேகவைக்கும் ஹெலன் கத்தினாள். சமையலறையே குலுங்கியது. ரென்னரும் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எழுதிடறேன் தாயே, எழுதிடறேன்!"

திறப்பு நாளில் நல்ல குளிர். திரையை இழுத்ததும் பித்தளை பளபளத்தது: 'ஒந்த்ரே பால்கோ. மர்ஃபி என்ற பெயரில் ஆடியவர்.' தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றேன். படம் பிடிக்க எங்களைச் சுவரோரம் நிறுத்தினார்கள். இர்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பழக்கத்தில் கை வாய்க்குப் போனது.

"கையை எடுங்க இர்மா!" என்று ரென்னர் அதட்டினார். "சாட்சியை மறைச்சீங்கன்னா பேரைக் கழட்டிருவேன்!"

கையை எடுத்தாள். அந்தப் படத்தில் முதலில் தெரிவது அந்தப் பல்தான்.